கலாசாலைக்கு ஒரு கார்

சிதம்பரத்தில் நடராஜப் பெருமான் வருஷத்துக்கு இரண்டே முறைதான் தேர் ஏறுகிறார். ஆனித் திருமஞ்சனத்துக்கு ஒரு முறை, மார்கழித் திருவாதிரைக்கு ஒரு முறை. அந்த இரண்டு நாட்களிலும் மூலவரே வெளியே எழுந்தருளி, விநாயகர், முருகன், சிவகாமி அம்மன், சண்டிகேசுவரர் ஆகியோருடைய தேர்களுடன் நான்கு வீதிகளையும் சுற்றி வருகிறார். மற்ற நாட்களிலெல்லாம் தேர் கீழவீதியில் நிலையில் நின்றுகொண்டிருக்கும். அதைப் பார்த்து, "இத்தனை பெரிய வாகனம் சும்மா நிற்கிறதே!" என்று யாரும் வருத்தப்படுவதில்லை. ஏனெனில் அந்தத் தேருக்கு மாதத் தவணை கிடையாது.

இது நமக்கு இப்போது ஞாபகம் வரக் காரணம், சென்ற ஆனி மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை நம்மைத் தேடிக்கொண்டு வந்த மஞ்சக்குப்பத்து நண்பர். ஓர் அரசாங்க ஆபீஸில் குமாஸ்தாவாகச் சேர்ந்து, படிப்படியாக உயர்ந்து, கண்காணிப்பாளராக இருப்பவர். அன்று அவருடைய கையில் ஒரு காகிதச் சுருள் இருந்தது. முகத்தில் பாதி சந்தோஷமும் பாதி கவலையும் இருந்தன. இப்படிப்பட்ட முகத்துடன் ஒருவர் படியேறினால், வீட்டுப் பெண்ணுக்கு வரன் கூடியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் கலாசாலையில் இடம் கிடைத்திருக்க வேண்டும். உபாத்தியாயர் தொழிலில் இருபது வருஷம் கழித்த நமக்கு இது தெரியாத சங்கதியல்ல.

இரண்டாவது ஊகமே சரியாயிற்று. நம்மிடம் படித்த அவருடைய மூத்த பெண்ணுக்கு அண்ணாமலை ஸர்வகலாசாலையில் விவசாயப் பட்டப் படிப்பில் இடம் கிடைத்திருந்தது. நாலு வருஷப் படிப்பு. சந்தோஷத்தைத் தெரிவித்துவிட்டுக் காபி கொண்டுவரச் சொன்னோம். நண்பர் காகிதச் சுருளை மேஜைமேல் விரித்தார். பார்த்தால், அது கலாசாலைக் காகிதமே அல்ல. ஒரு மோட்டார் வியாபாரியின் விலைப் பட்டியல்!

"ஸார், பெண் படிக்க வேண்டும்; அவள் தாயாரும் ராத்திரி தூங்க வேண்டும். இரண்டுக்கும் சேர்த்து ஒரே வழி இந்தக் கார்தான்" என்றார் நண்பர்.

விஷயம் இதுதான். விடுதியில் பெண்ணை விடுவதற்கு அந்த அம்மாள் சம்மதிக்கவில்லை. "சாயங்காலம் விளக்கு வைக்கும் நேரத்துக்கு என் பெண் வீட்டில் இருக்க வேண்டும். அது முடியாதென்றால் உள்ளூரிலேயே எதையாவது படிக்கட்டும்" என்று தீர்மானமாகச் சொல்லிவிட்டார். உள்ளூரில் படிப்புக்குப் பஞ்சமில்லை. தேவனாம்பட்டினத்துக் கடற்கரைப் பக்கத்தில் 1964-ல் தோன்றிய அரசாங்கக் கலைக் கல்லூரி எத்தனையோ ஏழை வீட்டுப் பிள்ளைகளைக் கரையேற்றியிருக்கிறது. ஆனால் இந்தப் பெண் விரும்புவதோ விவசாயம். ஏழாவது வகுப்பிலேயே கொய்யா மரத்தில் பூச்சி எப்படி ஏறுகிறது என்று நோட்டுப் புத்தகத்தில் படம் வரைந்து வைத்தவள். அவளுக்கு அந்தப் படிப்புக் கிடைப்பதும் கிடைக்காததும் ஒரு காரின் நாலு சக்கரத்தில் வந்து நின்றுவிட்டது.

கலாசாலைக்குப் போகும் பிள்ளைக்குக் கார் வேண்டுமா என்ற கேள்வி இன்று நம் நடுத்தரக் குடும்பங்களில் அடிக்கடி எழுகிறது. பையன் கேட்டால் அது அந்தஸ்துக்காக. பெண்ணுக்கென்று பெற்றோர் கேட்டால் அது பத்திரத்துக்காக. முதலாவது கேள்விக்குப் பதில் சொல்வது சுலபம். இரண்டாவது அப்படியல்ல. ஆகையால் அதை வேடிக்கையாகத் தள்ளிவிடாமல், பட்டியலின் பின்பக்கத்தைத் திருப்பிப் போட்டு, நண்பரும் நாமுமாகக் கணக்கு எழுதலானோம்.

கடலூரிலிருந்து சிதம்பரம் சாலை வழியாக ஏறக்குறைய 45 கிலோமீட்டர். போக வர 90. வருஷத்தில் 180 நாள் வகுப்பு என்று வைத்துக்கொண்டால் 16,200 கிலோமீட்டர். நாலு வருஷத்துக்கு 64,800. பூமியின் சுற்றளவு நடுக்கோட்டில் 40,075 கிலோமீட்டர் என்று பூகோளப் பாடத்தில் சொல்லிக் கொடுக்கிறோம். ஆக, அந்தப் பெண் கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் நடுவிலேயே பூமிப் பந்தை ஒன்றரை முறை சுற்றிவிட்டு, இன்னும் நாலாயிரம் கிலோமீட்டருக்கு மேல் ஓட்ட வேண்டும்! போக வர இரண்டரை மணி நேரம் என்றால், நாலு வருஷத்தில் 1,800 மணி. அதாவது இரவும் பகலுமாக 75 நாட்கள், ஸ்டியரிங் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு. ரயிலிலோ பஸ்ஸிலோ போனாலும் நேரம் செலவாகும், வாஸ்தவந்தான். ஆனால் அங்கே புத்தகத்தைப் புரட்டலாம், கண்ணை மூடலாம், பக்கத்தில் இருப்பவளுடன் பேசலாம். வண்டி ஓட்டுகிறவளுக்கு இவற்றில் ஒன்றும் கூடாது.

பிறகு பணம். ஐந்து லட்ச ரூபாய் வண்டி. கையிலிருந்து ஒரு லட்சம். பாங்கிக் கடன் நாலு லட்சம். வட்டி நூற்றுக்கு 9, ஐந்து வருஷத் தவணை என்று கொண்டால் மாதம் ரூ. 8,303 கட்ட வேண்டும். கடைசியில் நாலு லட்சத்துக்குக் கட்டிய தொகை ஐந்து லட்சத்தைத் தொட்டுவிடும். லிட்டருக்கு 18 கிலோமீட்டர் ஓடும் வண்டிக்கு நாள் ஒன்றுக்கு ஐந்து லிட்டர் வேண்டும். லிட்டர் நூறு ரூபாய் என்று வைத்தால் நாளைக்கு 500. மாதம் 22 நாளைக்கு 11,000. இரண்டும் சேர்ந்து ரூ. 19,303. இன்ஷ்யூரன்ஸ், டயர், பழுது பார்க்கும் செலவு ஆகியவற்றை இன்னும் எழுதவில்லை. படிப்பு நாலு வருஷம். கடனோ ஐந்து வருஷம். பட்டம் வாங்கிய பிறகும் ஒரு வருஷம் தவணை தொடரும்.

இதை எழுதி முடித்ததும் நண்பர் சற்று நேரம் பேசவில்லை. அவருடைய பிள்ளை பத்தாவது படிக்கிறான். அக்காள் நாலாம் வருஷத்தில் காலெடுத்து வைக்கும்போது தம்பி கலாசாலைக்குப் புறப்படுவான். அவனுக்கென்று ஒதுக்க வேண்டிய பணம் எங்கே போகிறதென்பது அந்தக் காகிதத்தில் எழுதாமலே தெரிந்தது.

"நாலு பெண்களை ஏற்றிக்கொண்டு ஆளுக்கு இவ்வளவென்று வாங்கினால் பெட்ரோல் செலவு கட்டிவிடும் என்று பக்கத்து வீட்டுக்காரர் சொல்கிறாரே?" என்று கேட்டார்.

தோழிகளை அன்புக்காக ஏற்றிச் செல்வதில் தவறில்லை. ஆனால் சொந்த உபயோகத்துக்கென்று பதிவு செய்த வண்டியில் கூலி வாங்கிக்கொண்டு ஆள் ஏற்றுவது சட்ட விரோதம். விபத்து நேர்ந்தால் இன்ஷ்யூரன்ஸ் கம்பெனி அதைக் காரணம் காட்டிக் கையை விரிக்கவும் கூடும். பத்து ரூபாய் மிச்சம் பிடிக்கப் போய் வீட்டையே பணயம் வைத்த கதையாக முடியும்.

சட்டம் என்றவுடன் இன்னொரு சங்கதி. அந்தப் பெண்ணுக்குப் பதினெட்டு வயது ஐப்பசியில்தான் நிறைகிறது. 1988-ம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டப்படி பதினெட்டு நிறையாமல் கார் ஓட்ட முடியாது. 2019-ல் செய்த திருத்தம் இன்னும் கடுமையானது. வயது நிறையாத பிள்ளை வண்டி ஓட்டிக் குற்றம் நேர்ந்தால், பெற்றோர் அல்லது வண்டிக்குச் சொந்தக்காரருக்கு மூன்று வருஷம் வரை சிறையும் ரூ. 25,000 அபராதமும் உண்டு. அந்தப் பிள்ளைக்கு இருபத்தைந்து வயது வரை லைசென்ஸும் கிடைக்காது. "இன்னும் நாலு மாதந்தானே, யார் பார்க்கப் போகிறார்கள்?" என்று சாவியை எடுத்துக் கொடுக்கும் அன்பான தகப்பனார்கள் இதைக் கவனிப்பார்களாக.

அபராதத்தைவிடப் பெரிய விஷயம் உயிர். 2022-ம் வருஷத்தில் இந்தியாவில் சாலை விபத்துக்களில் மாண்டவர்கள் 1,68,491 பேர் என்று மத்திய அரசாங்கத்தின் கணக்குச் சொல்கிறது. நாள் ஒன்றுக்கு 460-க்கு மேல். அந்த வருஷம் மாகாணங்களுக்குள் அதிக விபத்துக்கள் நேர்ந்தது நம் தமிழ்நாட்டில்தான், 64,105. பத்திரத்துக்காகக் கார் என்று சொல்லும்போது, லைசென்ஸ் வாங்கிச் சில மாதமே ஆன ஒரு பெண், மணல் லாரிகளும் தொலைதூர பஸ்களும் பறக்கும் சாலையில், மார்கழி மூடுபனியிலும் ஐப்பசி அடைமழையிலும் தினம் 90 கிலோமீட்டர் தனியாக ஓட்டுவதை மனக்கண்ணால் பார்க்க வேண்டும். ரயிலில் நேரக்கூடியதைப் பற்றித் தாயாருக்கு இருக்கும் பயம் நியாயமானது. ஆனால் பயப்படுவதென்றால் இரண்டு பக்கமும் பயப்படுவதுதான் நியாயம்.

இந்த இடத்தில் நாம் நண்பருக்கு அண்ணாமலை நகரின் பூர்வ கதையை ஞாபகப்படுத்தினோம். ராஜா ஸர் அண்ணாமலை செட்டியார் 1920-ல் சிதம்பரத்தில் மீனாட்சி கலாசாலையை ஆரம்பித்தார். அதுவே வளர்ந்து, 1929-ல் ஸர்வகலாசாலை ஆயிற்று. பல ஊர்க் கலாசாலைகளுக்குப் பரீட்சை வைத்துப் பட்டம் கொடுக்கும் காரியாலயமாக அதை அமைக்கவில்லை. ஆசிரியரும் மாணவரும் ஓரிடத்தில் குடியிருந்து படிக்கும் உறைவிட ஸர்வகலாசாலையாகவே அமைத்தார்கள். 1935 முதல் 1940 வரை ரைட் ஆனரபிள் ஸ்ரீநிவாஸ சாஸ்திரியார் துணைவேந்தராக இருந்த இடம் அது. 2013-ல் அதன் நிர்வாகத்தை அரசாங்கமே மேற்கொண்டது. நிர்வாகம் மாறினாலும் இடம் மாறவில்லை. ரயில் பாதைக்கு மேற்கே கோயிலும் ஊரும், கிழக்கே ஸர்வகலாசாலை. ஸ்டேஷனில் இறங்கினால் நடந்தே போய்விடலாம். உள்ளே சுற்றுவதற்கு ஒரு சைக்கிள் போதும். பெற்றோரே ஓட்டிக்கொண்டு வந்து விட்டு அழைத்துப் போகும் பள்ளிக்கூடம் வேறு. பிள்ளை தங்கி வளரும் கலாசாலை வேறு. அதிலும் விவசாயம் படிக்கிறவள் அங்கே தங்குவதுதான் லாபம். பயிர்கள் பத்து மணிக்கு மணியடிக்கட்டும் என்று காத்திருப்பதில்லையே!

மாணவரும் மோட்டாரும் என்ற வழக்கு நமக்கு மட்டும் புதிதல்ல. அமெரிக்காவில் மோட்டார் தொழிலுக்கே தாய்வீடு மிச்சிகன் மாகாணம். ஃபோர்டின் புகழ்பெற்ற 'டி' மாடல் வண்டி, ஒன்றரைக் கோடி உற்பத்தியாகி, 1927-ல் தன் ஆயுளை முடித்துக்கொண்டது. அதே 1927-ல் மிச்சிகன் ஸர்வகலாசாலை மாணவர்கள் கார் ஓட்டக் கூடாதென்று தடை போட்டது. இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜில், பெரிய மேரி மாதா கோவிலைச் சுற்றிப் பத்து மைலுக்குள் மாணவன் கார் வைத்துக்கொள்வதற்கு, ஸர்வகலாசாலையின் மோட்டார் அதிகாரியிடம் அனுமதி பெற வேண்டுமென்ற விதி நெடுங்காலம் இருந்தது. நம் சென்னையில் 1959-ல் ஏற்பட்ட ஐ.ஐ.டி.யில், மான்கள் திரியும் அந்த வனத்துக்குள், மாணவர்கள் மோட்டார் வாகனம் வைத்துக்கொள்ளாமல் சைக்கிளில் போவது வழக்கமாயிற்று. இதெல்லாம் கிழவர்களின் பொறாமை என்று நினைக்க வேண்டாம். 2015-ல் திருவனந்தபுரத்தில் ஒரு கலாசாலையின் ஓணம் கொண்டாட்டத்தில் மாணவர்கள் ஓட்டிய ஜீப் மோதி ஒரு மாணவி உயிரிழந்தாள். கொண்டாட்டத்துக்கென்று வாசலில் நுழையும் வண்டி எப்படி மாறுகிறது என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டியதில்லை.

நாம் மோட்டாருக்கு விரோதியல்ல. 1998-ல் ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் தொழிற்சாலை கார் உற்பத்தியைத் தொடங்கியது முதல் எத்தனையோ தமிழ்க் குடும்பங்களுக்கு அந்தத் தொழில் சோறு போடுகிறது. ஆனால் வண்டி உள்ளூரில் செய்தாலும், அதற்கு ஊற்றும் எண்ணெய் உள்ளூர்ச் சரக்கல்ல. நம் தேசத்துக்கு வேண்டிய கச்சா எண்ணெயில் நூற்றுக்கு 85 பங்குக்கு மேல் கடல் கடந்து வருகிறது. கதர் கட்டிய தாத்தாவின் படம் கூடத்தில் மாட்டியிருக்கும் வீட்டில், இதையும் ஒரு நிமிஷம் நினைத்துப் பார்ப்பதில் பிசகில்லை.

சில பேருக்குக் கார் ஆடம்பரமே அல்ல, அவசியம். கால் ஊனமுற்ற மாணவனுக்குக் கையாலேயே ஓட்டும்படி மாற்றியமைத்த வண்டி, கால்களுக்குச் சமானம். வைத்தியப் படிப்பு முடித்து, அகாலத்தில் ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டிய பயிற்சி டாக்டருக்கு அது வேண்டியிருக்கலாம். பகலில் உத்தியோகம் பார்த்துக்கொண்டு மாலையில் படிப்பவருக்கும், வாரத்தில் மூன்று நாள் தகப்பனாரை டயாலிசிஸுக்கு அழைத்துப் போகும் பிள்ளைக்கும் அப்படியே. பஸ் போகாத கிராமத்துக் குடும்பத்துக்கும் இது பொருந்தும். இவர்களை நாம் தடுக்க மாட்டோம். ஆகையால் "கார் நல்லதா, கெட்டதா?" என்று கேட்பதில் பிரயோஜனமில்லை. கேட்க வேண்டியவை நாலு கேள்விகள். வாரத்தில் எத்தனை நாள் அந்த வண்டி ஓடும்? அது இல்லாவிட்டால் நின்றுபோகும் காரியம் எது? தவணை கட்டும் பணம் யாருடைய பங்கிலிருந்து போகிறது? கடைசியாக, கார் வேண்டுமென்று விரும்புவது யார், பிள்ளையா, பெற்றோரா?

நாலாவது கேள்வியைக் கேட்டபோது நண்பர் தலையைச் சொறிந்தார். "பெண்ணை இதுவரை கேட்கவில்லை" என்றார்.

மறுநாள் மாலை அவருடைய வீட்டுக்குப் போனோம். பெண்ணைக் கூப்பிட்டுக் கேட்டோம். அவள் தாயாரைப் பார்த்தாள், பிறகு தரையைப் பார்த்தாள், பிறகு சொன்னாள்:

"கார் எனக்காக என்கிறார்கள், ஸார். ஆனால் அது நான் படிக்கப் போவதற்காக இல்லை. சாயங்காலம் திரும்பி வருவதற்காக. தம்பியின் பணத்தின்மேல் உட்கார்ந்துகொண்டு தினம் போய்வந்தால் எனக்குப் படிப்பு ஏறாது. விடுதி கூடாதென்றால் நான் இங்கேயே படித்துக்கொள்கிறேன். கார் மட்டும் வேண்டாம்."

அவள் அழவில்லை. அழுதிருந்தால் தாயார் சமாதானம் சொல்லியிருப்பார். அழாததனால்தான் அந்த அம்மாளுக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. கடைசியில், "அண்ணா, ஒரு தரம் நானே போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன்" என்றார்.

அடுத்த சனிக்கிழமை அவர்கள் மூவரும் நாமும் திருப்பாதிரிப்புலியூர் ஸ்டேஷனில் பாசஞ்சர் வண்டி ஏறினோம். முதுநகர், ஆலப்பாக்கம், புதுச்சத்திரம், பரங்கிப்பேட்டை என்று வண்டி நின்று நின்று போயிற்று. மீட்டர் பாதையாக இருந்த அந்த மார்க்கம் அகலப் பாதையாகி, 2010-ல் மறுபடியும் வண்டிகள் ஓடத் தொடங்கின. புதுச்சத்திரத்தில் ஏறிய மாணவி ஒருத்தி நண்பரின் சம்சாரத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். "தினம் தனியாகப் போகிறாயே, பயமாக இல்லையா, கண்ணு?" என்று அந்த அம்மாள் விசாரித்தார். "முதல் வாரம் பயம், இரண்டாவது வாரம் பழக்கம், மூன்றாவது வாரம் தூக்கம், அம்மா!" என்றாள் அவள். வெள்ளாற்றுப் பாலத்தின்மேல் வண்டி போனபோது நண்பரின் சம்சாரம் முதல் தடவையாகச் சிரித்தார்.

ரயில் பிரயாணம் சொர்க்கமென்று நாம் சொல்லவில்லை. 1915-ல் தேசத்துக்குத் திரும்பிய மகாத்மா காந்தி மூன்றாம் வகுப்பில் பிரயாணம் செய்துவிட்டு, அதிலுள்ள நெருக்கத்தையும் அசுத்தத்தையும் 1917-ல் ஒளிக்காமல் எழுதினார். கஷ்டம் தெரிந்தும் அவர் அந்த வகுப்பை விடவில்லை; அதைத் திருத்த வேண்டுமென்றார். இன்றும் நெருக்கடி உண்டு, துஷ்டர்களும் உண்டு. ஆகையால் பெண் பிள்ளைகள் பெண்களுடன் சேர்ந்து உட்காருவதும், ரயிலில் தொல்லை நேர்ந்தால் 139-க்கும், மற்ற இடங்களில் பெண்களுக்கான 181-க்கும் தயங்காமல் கைப்பேசியில் கூப்பிடுவதும் பழக்கமாக வேண்டும். சகித்துக்கொண்டு வா என்று சொல்லியனுப்புவது பத்திரமாகாது.

அண்ணாமலை நகரில் அந்த அம்மாள் பெண்கள் விடுதிப் பொறுப்பாளரை அரை மணி நேரம் குறுக்கு விசாரணை செய்தார். வாசல் எத்தனை மணிக்குச் சாத்தப்படும்? இரவில் காய்ச்சல் கண்டால் யார் பார்ப்பார்கள்? ஊருக்குப் புறப்பட்டால் யாருக்குத் தகவல் போகும்? எந்த வக்கீலும் அப்படிக் கேட்டிருக்க மாட்டார். பதில்களைக் கேட்டுக்கொண்டு ஒன்றும் சொல்லாமல் வெளியே வந்தார். ஊருக்குள் போய்த் தரிசனம் செய்துவிட்டுக் கீழவீதியில் நடந்தோம். தேர்களுக்குத் துணி கட்டி அலங்காரம் செய்துகொண்டிருந்தார்கள். கொஞ்ச நேரம் நின்று பார்த்த அம்மாள், கணவரிடம் மெதுவாகச் சொன்னார்: "தீபாவளி வரையில் விட்டுப் பார்க்கலாமா? மனசு கேட்கவில்லையென்றால் அப்புறம் அந்தக் காரை வாங்கிக்கொள்ளலாம்."

எல்லாம் அன்றே சுபமாக முடிந்ததென்று நாம் எழுதினால் அது பொய்யாகும். முதல் பத்து நாள் இரவு எட்டு மணிக்குக் கைப்பேசி மணியடிக்கும். அந்தப் பக்கம் பெண் அழுவாள், இந்தப் பக்கம் தாயார் அழுவார், நடுவில் நண்பர் விலைப் பட்டியலை எடுத்துப் பார்ப்பார். ஆவணியில் பெண்ணுக்கு ஜுரம் வந்தது. தாயார் முதல் ரயிலில் ஓடினார். கல்யாணமான நாள் முதல் தனியாக ரயில் ஏறியறியாதவர் அன்று ஒருவரையும் துணைக்குக் கூப்பிடவில்லை. கூப்பிடத் தோன்றவேயில்லையென்று பிறகு நம்மிடம் சொன்னார். அதற்குப் பின் மாதம் இரண்டு சனிக்கிழமை புளியோதரைத் தூக்குடன் அவர் சிதம்பரம் போய்வருவது வழக்கமாகிவிட்டது. புதுச்சத்திரத்துப் பெண்ணுக்கும் அதில் ஒரு பங்கு உண்டு. வாசலில் கார் வந்து நின்றிருந்தால், பெண் தினமும் வீட்டுக்கு வந்திருப்பாள். தாயார் வீட்டைவிட்டு ஓரடியும் வெளியே போயிருக்க மாட்டார்.

தீபாவளியும் வந்து போயிற்று. காரைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. விடுதிச் செலவு போக மிஞ்சியதில் ஒரு பகுதியைத் தம்பியின் படிப்புக்கென்று தபாலாபீஸில் ஐந்து வருஷத் தொடர் சேமிப்பாக நண்பர் கட்டி வருகிறார். தவணை என்னவோ தவணைதான். ஆனால் இந்தத் தவணைக்கு வட்டி அவர் கொடுப்பதில்லை, அவருக்கு வருகிறது.

இப்போது மார்கழி பிறந்துவிட்டது. தில்லையில் மறுபடியும் தேர் ஓடப் போகிறது. வடம் தொட்டுக் கும்பிட வேண்டுமென்று நண்பரின் சம்சாரம் முன்னாலேயே புறப்படுகிறார். பெண்ணும் விடுதித் தோழிகளும் ஸ்டேஷனுக்கு வந்து அழைத்துப் போவதாக ஏற்பாடு. நண்பர் அந்த விலைப் பட்டியலை இன்னும் கிழித்துப் போடவில்லை. பீரோவில் பத்திரமாக வைத்திருக்கிறார். காரணம் கேட்டோம்.

"பெண் சம்பாதித்து அவளே ஒரு நாள் வாங்குவாள், ஸார். அப்போது விலை எவ்வளவு ஏறியிருக்கிறதென்று பார்க்க வேண்டாமா? நாங்கள் இரண்டு பேரும் பின் ஸீட்டில் உட்கார்ந்துகொண்டு போவோம்" என்றார்.